விழப்போகும் பல்தானே என்று விட்டுவிடலாமா?

"விழப்போகிற பல்தானே, அதற்கு எதற்கு வைத்தியம்?"

சிறு குழந்தையின் பல்லில் சொத்தை இருப்பதைச் சுட்டிக் காட்டும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் ஆசிரியருக்கும் பெற்றோரிடமிருந்து பெரும்பாலும் கிடைக்கும் விடை இதுவே. இவ்விடையில் உண்மை இல்லாமல் இல்லை. பால் பற்கள் இருபதும் காலம் வந்ததும் விழுந்துதான் ஆக வேண்டும். ஆனால் அந்தக் காலம் எது என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்ப்பதில்லை. இரண்டரை வயதில் முளைக்கும் பின் கடைவாய்ப் பால் பல், பத்து முதல் பன்னிரண்டு வயது வரையில் வாயில் இருக்க வேண்டியதாகும். மூன்று வயதில் அது சொத்தையானால், அதற்குப் பின்னும் ஏழெட்டு ஆண்டுகள் குழந்தை அப்பல்லைக் கொண்டே உண்ண வேண்டும். அல்லது அப்பல் இல்லாமலே உண்ண வேண்டும்.

நம் நாட்டில் 2002-03-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக் குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பற்சொத்தை இருந்தமை தெரிய வந்தது. இத்தனை குழந்தைகளையும் பல் மருத்துவர்களே தேடிச் சென்று பார்ப்பது நடவாத காரியம். ஆயினும் சொத்தையின் முதல் அடையாளத்தைக் காண்பதற்குக் கருவியோ பட்டமோ தேவையில்லை. பகல் வெளிச்சமும், குழந்தையின் மேலுதட்டை மெல்ல உயர்த்திப் பார்க்கும் பழக்கமும் போதும். அவ்வாறு பார்ப்பது எப்படி, பார்த்த பின் செய்ய வேண்டியது யாது என்பவற்றைக் களப் பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பால் பற்களின் வளர்ச்சியும் பணியும்

பால் பற்கள் குழந்தை பிறந்த பின்னர் உண்டாகின்றவை அல்ல. தாயின் வயிற்றில் ஆறாவது வாரமளவிலேயே அவற்றின் கரு தோன்றுகிறது. நான்காவது மாதமளவில் அது கெட்டிப்படத் தொடங்குகிறது. பிறந்த ஆறாவது மாதமளவில் கீழ்த்தாடையின் முன்பற்கள் இரண்டும் வெளிவருகின்றன. சில குழந்தைகளுக்கு இது ஓராண்டு வரையில் தாமதப்படுவதும் உண்டு. அதனால் கவலைப்பட வேண்டியதில்லை. இரண்டரை வயதிலிருந்து மூன்று வயதிற்குள் இருபது பற்களும் முளைத்து விடுகின்றன.

பல் முளைக்கும் பருவத்தில் ஈறு தினவெடுப்பதும், குழந்தை எச்சில் ஒழுக்குவதும், கைக்குக் கிடைத்ததைக் கடிப்பதும் இயல்பு. ஆனால் கடுங்காய்ச்சலும் பேதியும் பல் முளைப்பதால் வருபவை அல்ல. தவழும் பருவத்தில் தரையில் கிடப்பதையெல்லாம் குழந்தை வாயில் இடுகிறது. தாயிடமிருந்து பெற்ற நோயெதிர்ப்புச் சக்தியும் அப்பருவத்தில் குறைந்து விடுகிறது. பல் முளைப்பதும் நோய் தொற்றுவதும் ஒரே காலத்தில் நிகழ்வதால், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம்போலத் தோன்றுகிறது. "பல் முளைக்கிறது, தானாகச் சரியாகிவிடும்" என்று பேதியைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டால், உடலின் நீர் வற்றிக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். உப்புச் சர்க்கரைக் கரைசலை உடனே கொடுக்கத் தொடங்கி, சுகாதார நிலையத்திற்கு அனுப்புதல் வேண்டும்.

பால் பற்கள் மூன்று பணிகளைச் செய்கின்றன. உணவை மென்று கொடுப்பது முதலாவது. பல் வலிக்கும் குழந்தை, கெட்டியான உணவை ஒதுக்கிப் பாலையும் கஞ்சியையும் மட்டுமே கேட்கும், இரவில் உறங்காது, எடை ஏறாது. எடை குறைந்த குழந்தைகளின் பட்டியலைத் தயாரிக்கும் பணியாளர், அவர்களுடைய வாயையும் ஒருமுறை பார்ப்பது நன்று. சொற்களைத் திருத்தமாக உச்சரிக்க முன்பற்கள் உதவுவது இரண்டாவது பணி.

மூன்றாவது பணி பலரும் அறியாதது. ஒவ்வொரு பால் பல்லும், தனக்குப் பின் வரவிருக்கும் நிலைப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. பால் பல் உரிய காலத்திற்கு முன்னரே எடுக்கப்பட்டால், அண்டையிலுள்ள பற்கள் அவ்விடத்தை நோக்கிச் சாய்ந்துவிடும். பின்னர் முளைக்கும் நிலைப் பல் இடமில்லாமல் கோணலாக வெளிவரும். பால் பல்லின் வேரில் சீழ் கட்டினாலோ, அதற்கு அடியில் உருவாகிக் கொண்டிருக்கும் நிலைப் பல்லின் மேற்பூச்சும் பழுதுபடலாம். விழப்போகும் பல்லில் உண்டான நோய், விழாத பல்லையும் சேர்த்துக் கெடுக்கிறது.

சொத்தை எவ்வாறு உண்டாகிறது?

சொத்தைப் பல்லைப் "பூச்சிப் பல்" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. பல்லைப் புழு அரிப்பதாக எண்ணி, கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டு அப்புகையைப் பிடிக்கச் செய்வாரும் உளர். அதனால் விழுந்ததாகக் காட்டப்படுபவை பல்லிலிருந்து வந்த புழுக்கள் அல்ல. பல்லில் புழு கிடையாது. அங்கு இருப்பவை கண்ணுக்குப் புலப்படாத நுண்கிருமிகள்.

அக்கிருமிகளுள் முதன்மையான 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்' என்பதை 1924-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த கிளார்க் என்பவர் சொத்தைப் பற்களிலிருந்து பிரித்தெடுத்து விவரித்தார். கிருமிகளே இல்லாத சூழ்நிலையில் வளர்க்கப்பட்ட எலிகளுக்குச் சர்க்கரை மிகுந்த உணவைக் கொடுத்தும் சொத்தை உண்டாகவில்லை என்பதை 1954-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டினர். ஆகவே சர்க்கரை மட்டும் சொத்தையை உண்டாக்குவதில்லை. கிருமிகள் அச்சர்க்கரையை உண்டு வெளியிடும் அமிலமே பல்லைக் கரைக்கிறது.

கரைவது எவ்வளவு நேரம் என்பதே இங்குக் கவனிக்கத் தக்கது. இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களுக்குள் பல்லின் மீது படிந்துள்ள அழுக்கில் அமிலம் மிகுந்து விடுகிறது. அமிலத்தை அளக்கும் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்பொழுது, பல்லின் மேற்பூச்சாகிய எனாமல் கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் அவ்வமிலத்தைத் தணித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். தணிந்த பின்னர், கரைந்துபோன கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் உமிழ்நீரே பல்லுக்குத் திரும்பக் கொடுக்கிறது. ஒவ்வொரு நாளும் பல்லில் இச்செலவும் வரவும் மாறி மாறி நடைபெறுகின்றன. வரவைவிடச் செலவு மிகும்பொழுது சொத்தை விழுகிறது.

இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மை விளங்கும். ஐந்து மிட்டாய்களை உணவோடு ஒரே வேளையில் தின்னும் குழந்தையின் பல், ஒருமுறைதான் அமிலத்தில் நனைகிறது. அதே ஐந்து மிட்டாய்களைக் காலை முதல் மாலை வரை ஒவ்வொன்றாகச் சப்பும் குழந்தையின் பல்லோ ஐந்து முறை, அதாவது இரண்டரை மணி நேரத்துக்கு மேல், அமிலத்தில் ஊறுகிறது. இனிப்பின் அளவு முக்கியமே. அதைத் தின்னும் தடவைகள் அதனினும் முக்கியம். வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவை உடலுக்கு நல்லவை என்று கருதப்படினும், பல்லைப் பொறுத்த மட்டில் அவையும் சர்க்கரையே. பல்லில் ஒட்டிக்கொள்ளும் பாகு வகைகளும் பிஸ்கட்டும் நெடுநேரம் தங்கித் தீங்கு விளைவிக்கும். இடைத் தீனிக்குப் பழம், வெள்ளரிப் பிஞ்சு, குழைய வேகவைத்த சுண்டல் போன்றவை ஏற்றவை.

உறங்கும்பொழுது உமிழ்நீர் மிகக் குறைவாகவே சுரக்கிறது. அந்நேரத்தில் சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தை உறங்கிவிட்டால், மேல் முன்பற்கள் இரவு முழுதும் இனிப்பில் ஊறிக் கிடக்கின்றன. ரப்பர் காம்பைத் தேனில் தோய்த்துக் கொடுப்பதும் அவ்வாறே தீங்கானது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் வேறு காரணத்தாலும் ஆகாது. இனிப்பான மருந்துப் பாகு கொடுத்த பின்னரும் சிறிது நீர் பருகச் செய்தல் வேண்டும். இவற்றைக் கேட்டுத் தாய்ப்பால் பற்றி எவரும் ஐயுற வேண்டாம். தாய்ப்பால் இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் கொடுக்கத் தக்கதே. பல் முளைத்த பின்னர் நாள்தோறும் பல்லைத் துடைப்பதும் துலக்குவதும் தவறாமல் இருந்தால் போதும்.

உதட்டை உயர்த்திப் பாருங்கள்

குழந்தையைத் தாயின் மடியில் தாயை நோக்கியவாறு அமர்த்துக. பணியாளர் தாய்க்கு எதிரே முழங்காலோடு முழங்கால் பொருந்த அமர்ந்து, குழந்தையின் தலையைத் தம் மடியில் சாய்த்துக் கொள்ளலாம். தாய் குழந்தையின் கைகளைப் பற்றிக் கொள்வாள். குழந்தை அவள் முகத்தைப் பார்த்தபடியே இருக்கும். கையைக் கழுவிய பின் மேலுதட்டைச் சுட்டு விரலால் மெல்ல உயர்த்தி, மேல் முன்பற்கள் நான்கையும் ஈறோரத்தில் பார்க்க வேண்டும். துணியால் அப்பற்களைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் நன்கு தெரியும். காணக்கூடிய நிலைகள் நான்கு.

முதலாவது: பற்கள் வழவழப்பாகப் பளபளக்கின்றன. இது நலமான வாய்.

இரண்டாவது: ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தீட்டியதுபோல் வெள்ளைக் கோடு தெரிகிறது. இதுவே சொத்தையின் தொடக்கம். வலி இராது, பள்ளம் இராது, தாய்க்கு இது நோய் என்றே தோன்றாது. ஆனால் இந்நிலையில் மட்டுமே பல்லைப் பழைய நிலைக்குத் திருப்ப இயலும். உணவுப் பழக்கத்தைத் திருத்தி, புளூரைடு கலந்த பற்பசையால் துலக்கி வந்தால் அக்கோடு மீண்டும் கெட்டிப்படும்.

மூன்றாவது: கோடு பழுப்பாகிப் பள்ளம் விழுந்துள்ளது. இப்பள்ளம் தானாக நிரம்பாது. பல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

நான்காவது: பல் கரைந்து அடிக்கட்டை மட்டும் நிற்கிறது, அல்லது ஈறில் சீழ்க் கொப்புளம் தெரிகிறது. காலம் கடத்தாமல் அனுப்ப வேண்டும்.

பால் பல்லின் எனாமல், நிலைப் பல்லின் எனாமலைவிட மெல்லியது. நரம்பும் இரத்தக் குழாயும் அடங்கிய உட்கூழோ மேற்பரப்புக்கு அண்மையில் உள்ளது. ஆதலால் இரண்டாம் நிலையிலிருந்து நான்காம் நிலைக்குச் செல்லச் சில மாதங்களே போதும். எடை பார்க்கும் நாளன்று உதட்டையும் உயர்த்திப் பார்க்கும் பழக்கத்தை மேற்கொண்டால், இம்மாதங்கள் வீணாகா.

துலக்கும் முறை

முதற்பல் தோன்றிய நாளிலிருந்தே துலக்குதல் தொடங்க வேண்டும். மென்மையான சிறிய பிரஷ் ஏற்றது. மூன்று வயது நிறையும் வரையில் அரிசியளவு பற்பசையும், மூன்று முதல் ஆறு வயது வரையில் பட்டாணியளவும் போதும். விளம்பரங்களில் காட்டுவதுபோல் பிரஷ் நிறையப் பசை வைப்பது தேவையற்றது. சிறு குழந்தை அதை விழுங்கியும் விடும். துலக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும். பலமுறை கொப்பளித்தால் புளூரைடின் பயன் குறைகிறது.

காலையிலும் இரவிலும் துலக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய இயலும் என்னும் வீட்டில், இரவு துலக்குவதையே வற்புறுத்த வேண்டும். இரவு துலக்கிய பின்னர்த் தண்ணீரைத் தவிர வேறொன்றும் கொடுக்கலாகாது. ஏழெட்டு வயது வரையில் குழந்தையின் கைக்குத் தானே நன்கு துலக்கும் திறன் வாய்ப்பதில்லை. பெற்றோர் பின்னால் நின்று துலக்கிவிட வேண்டும்.

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தரும் என்பது முன்னோர் கொள்கை. மென்று மிருதுவாக்கிய குச்சியால் பெரியவர்கள் அழுக்கை அகற்ற முடியும். ஆனால் அதில் போதிய புளூரைடு இல்லை. சிறு குழந்தையின் ஈறையும் அது குத்திவிடும். செங்கற்பொடி, கரி, சாம்பல், மணல் ஆகியவை எனாமலைத் தேய்ப்பவை. புகையிலை கலந்த பொடிகள் மிகவும் கொடியவை. மகாராஷ்டிரத்தில் 'மிஷ்ரி' என்றும், ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் 'குடாக்கு' என்றும், பீகார், உத்தரப் பிரதேசப் பகுதிகளில் 'குல்' என்றும் வழங்கும் பொருள்களைப் பல் துலக்கவென்றே பலர் பயன்படுத்துகின்றனர். பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை கலப்பதை மத்திய அரசு 1992-இல் தடை செய்தது. எனினும் பழக்கம் ஒழிந்தபாடில்லை. பாட்டியின் விரலிலிருந்து பேத்தியின் வாய்க்குப் புகையிலை செல்வதைக் காணும் பணியாளர், பொறுமையோடு எடுத்துரைத்து அதைத் தடுக்க வேண்டும்.

புளூரைடு: மிகினும் குறையினும்

பற்பசையில் புளூரைடு இருக்க வேண்டும் என்று கூறும் பணியாளரை நோக்கி, "புளூரைடு பல்லைக் கெடுக்கும் என்கிறார்களே?" என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டும் உண்மையே; வேறுபாடு அளவிலும் அது உடலைச் சேரும் வழியிலும் உள்ளது. பல்லின் மேற்பரப்பில் சிறிதளவு படும் புளூரைடு, எனாமல் கெட்டிப்பட உதவுகிறது. எனாமல் உருவாகும் பருவத்தில், அதாவது ஏறத்தாழ எட்டு வயது வரையில், மிகுந்த புளூரைடு உள்ள நீரை நாள்தோறும் பருகி வந்தால், பின்னர் முளைக்கும் நிலைப் பற்களில் வெண் திட்டுகளும் பழுப்புக் கறையும் உண்டாகின்றன. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் பரவியிருந்ததை 1937-இல் ஷார்ட் முதலிய மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் முதன்முதலாக விவரித்தனர். இராஜஸ்தான், குஜராத், தெலங்கானா, ஆந்திரப் பிரதேசம் ஆகியவற்றின் பல பகுதிகளிலும், தமிழ்நாட்டில் தர்மபுரி வட்டாரத்திலும் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேற்படாமல் இருப்பது நலம் என்றும், வேறு நீர் கிடையாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது.

இக்கறையையும் சொத்தையின் வெள்ளைக் கோட்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. புளூரைடுக் கறை பெரும்பாலும் நிலைப் பற்களில், இடப்புறமும் வலப்புறமும் ஒத்து, பல்லின் பரப்பெங்கும் தோன்றும். சொத்தைக் கோடு ஈறை ஒட்டியே தொடங்கும். கறை மிகுந்த ஊர்களில் முதலில் மாற்ற வேண்டியது குடிநீரை. அரிசியளவுப் பசையை அல்ல.

பல் மருத்துவரிடம் செல்லுதல்

வலி வந்த பின்னரே பல் மருத்துவரிடம் செல்வது நம்மவர் வழக்கம். வலியோடு செல்லும் குழந்தைக்கு முதல் அனுபவமே ஊசியும் குறடுமாக அமைந்து விடுகிறது. முதற்பல் முளைத்த பின், முதலாம் ஆண்டு நிறைவுக்குள் ஒருமுறை காட்டுவதே முறை. அன்று பெரும்பாலும் பார்வையிடுதலும் தாய்க்கு அறிவுரையும் தவிர வேறொன்றும் இராது. "சொன்னபடி கேட்காவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று குழந்தையை மிரட்டுவதைப் பெற்றோரும் ஆசிரியரும் அறவே விட வேண்டும்.

பல்லைக் குடையாமலே சொத்தையைத் தடுக்கவும் நிறுத்தவும் இன்று முறைகள் உள்ளன. புளூரைடு வார்னிஷை மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பற்களில் பூசினால், வெள்ளைக் கோட்டு நிலையிலுள்ள பல் தேறக்கூடும். 'சில்வர் டயமின் புளூரைடு' என்னும் திரவத்தைச் சொத்தைப் பள்ளத்தில் தடவினால் அது மேற்கொண்டு பரவாமல் நிற்பது பெரும்பாலும் இயலும். ஊசியும் வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. தடவிய இடம் நிலையாகக் கறுத்துவிடும் என்பதை முன்கூட்டியே தாய்க்குச் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் மருந்தே பல்லைக் கெடுத்துவிட்டது என்று அவள் எண்ணக்கூடும்.

ஆறாம் வயதை ஒட்டி, பால் பற்களுக்கெல்லாம் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பால் பல்லும் விழாமலே அது வருவதால், பெற்றோர் அதையும் பால் பல்லென்றே கருதி விடுகின்றனர். அது ஆயுள் முழுதும் இருக்க வேண்டிய நிலைப் பல். முதல் வகுப்பு ஆசிரியர் இதைப் பெற்றோருக்கு நினைவூட்ட வேண்டும். அதன் மேற்புறப் பள்ளங்களைப் பல் மருத்துவர் ஒருவகைப் பூச்சினால் அடைத்துச் சொத்தை வராமல் காக்க முடியும்.

2013-இல் தொடங்கப்பெற்ற ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்கிரமம் என்னும் மத்திய அரசுத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளை ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிகளை ஒருமுறையும் பார்வையிட வேண்டும். அக்குழு கவனிக்க வேண்டியவற்றுள் பற்சொத்தையும் ஒன்று. மூன்றாம், நான்காம் நிலைகளில் உள்ள குழந்தைகளின் பெயர்ப் பட்டியலை முன்னரே எழுதி வைத்திருந்தால், குழு வரும் நாளில் ஒருவரும் விடுபட மாட்டார்.

தாமதிக்கலாகாத நிலைகள்

பல்வலியோடு கன்னமோ கண்ணோரமோ வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், அல்லது வாயைத் திறக்கவும் விழுங்கவும் முடியாமற் போனால், அன்றே மருத்துவமனைக்கு அனுப்புக. வலிக்கும் பல்லின் ஈறில் ஆஸ்பிரின் மாத்திரையை வைப்பது ஈறைப் புண்ணாக்கும். குழந்தைகளுக்கு அம்மருந்து ஆகாது.

விளையாடும்பொழுது நிலைப் பல் ஒன்று வேரோடு விழுந்துவிட்டால், ஆசிரியர் செய்யும் முதலுதவியே அப்பல்லைக் காக்கும். பல்லின் மேற்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். வேரைத் தொடவோ தேய்க்கவோ கூடாது. மண் இருந்தால் நீரில் சில நொடிகள் அலசிவிட்டு, இயலுமாயின் அதே குழியில் பொருத்தி, துணியை மெல்லக் கடித்துக் கொள்ளச் செய்யலாம். இயலாவிட்டால் பாலில் இட்டு எடுத்துச் செல்லலாம். காகிதத்தில் மடித்தால் வேர் உலர்ந்து கெடும். அரைமணி நேரத்திற்குள் மருத்துவரிடம் சேர்ப்பது சிறப்பு. ஒரு மணி நேரத்திற்கு மேல் உலர்ந்துவிட்டால் வேர் பிழைக்கும் வாய்ப்பு குறைந்து விடும். விழுந்தது பால் பல்லாயின் மீண்டும் பொருத்த வேண்டாம்; உள்ளே உருவாகும் நிலைப் பல் பழுதடையும்.

முடிவுரை

பல் மருத்துவமனை நகரத்தில் இருக்கிறது. குழந்தையோ அங்கன்வாடியிலும் வகுப்பறையிலும் இருக்கிறது. சொத்தை வெள்ளைக் கோடாக இருக்கும் அச்சில மாதங்களில் குழந்தையை நாள்தோறும் பார்ப்பவர்கள் பணியாளரும் ஆசிரியருமே. "விழப்போகிற பல்தானே" என்று அடுத்த முறை ஒரு தாய் கூறுவாளாயின், அவளோடு வாதிட வேண்டியதில்லை. குழந்தையின் உதட்டை உயர்த்தி, ஈறோரத்து வெள்ளைக் கோட்டை அவள் கண்ணாலேயே காணச் செய்து, "இப்பல் விழ இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கின்றன, தெரியுமா அம்மா?" என்று கேட்டால் போதும்.